"பையனைப் பத்திப் பேசணும், மீட்டிங்குக்கு வாங்க"

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நாலை மட்டும் ஒண்ணா சேர்த்து எடுத்துக்கிட்டேன், ஏன்னா நாலும் ஸ்கூல் மீட்டிங் ரூமைச் சுத்தி நடக்குற விஷயம். ஸ்பெஷல் எஜுகேட்டரா, அதாவது கூடுதல் உதவி தேவைப்படற பிள்ளைங்களுக்கான டீச்சரா, பல வருஷம் அந்த மேஜைக்கு ஸ்கூல் பக்கம் உக்காந்திருந்தவ நான். அந்தப் பக்கம் என்ன நினைச்சுட்டு இருப்பாங்கன்னும் தெரியும், எதிர்ல கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கற அம்மாவோட முகமும் தெரியும்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு அஞ்சரை வயசு. க்ளாஸ்ல பக்கத்துல இருக்கற பிள்ளைங்களைத் தள்ளி விடுறான், பென்சில் பாக்ஸைத் தூக்கி எறியறான், ரெண்டு தடவை க்ளாஸை விட்டு வெளிய ஓடிட்டான். ஏற்கனவே ஒரு மீட்டிங் போட்டாங்க. அவங்க அஞ்சு பேர் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம். அவங்க படிக்கப் படிக்க அழுதுட்டேன், கடைசியில நீட்டுன பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு கூட பார்க்காம கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். வீட்ல அவர் "ஆம்பளப் பையன் அப்படித்தான் இருப்பான், வளர்ந்தா சரியாயிடும்"ங்கறார். அடுத்த வாரம் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. என்ன பேசணும், என்ன கேக்கணும், சொல்லுங்கக்கா.

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா. அழுததுக்கு வெக்கப்படவே வேண்டாம். உங்க பிள்ளை செஞ்சதையெல்லாம் அஞ்சு பேர் உக்காந்து தேதி போட்டு வாசிச்சா எந்த அம்மாவுக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். அந்த மீட்டிங்ல எனக்குக் குறையா படறது வேற. பேச்சு பூரா "இவன் எப்படிப்பட்ட பையன்"ங்கறதுலயே சுத்தியிருக்கு. அடம், முரடு, சொல் பேச்சு கேக்க மாட்டான், இந்த வார்த்தைகளை வெச்சுக்கிட்டு யாராலயும் எதையும் சரி பண்ண முடியாது. எப்போ பண்றான், எங்க பண்றான், அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சு, பண்ணின உடனே என்ன நடந்துச்சு, இதுக்கு பதில் தெரிஞ்சா மட்டும்தான் ஏதாவது மாத்த முடியும். அடுத்த வாரம் நீங்க பேச்சை இந்த இடத்துக்கு இழுத்துட்டு வந்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க.

எனக்கு ஒரு ஒண்ணாங்கிளாஸ் பையன் ஞாபகம் வர்றான். அவனைப் பத்தின ரிப்போர்ட்ல "காரணமே இல்லாம அடிக்கிறான்"னு எழுதியிருந்தாங்க. நான் ஒரு வாரம் அவன் க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து, நோட்ல மூணு கட்டம் போட்டு எழுதிட்டே இருந்தேன். முன்னாடி என்ன, அவன் என்ன பண்ணினான், பின்னாடி என்ன. வாரக் கடைசியில நோட்டைப் புரட்டிப் பார்த்தா அடிச்சது பெரும்பாலும் ஒரே நேரத்துல, எல்லாரும் வெளிய போக வரிசையில நிக்கிறப்ப. பின்னாடி நிக்கிற பையனோட பை இவன் முதுகுல இடிக்கும், இவன் தோளைக் குறுக்கிக்குவான். ரெண்டாவது தடவை இடிச்சா கை ரெண்டையும் இறுக்கி மூடிக்குவான். மூணாவது தடவை திரும்பி ஒரு அடி. டீச்சர் கண்ணுல படறது அந்த மூணாவது மட்டும்தான், முப்பது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அவங்களும் என்ன பண்ணுவாங்க. அவனை வரிசையில கடைசி ஆளா நிறுத்தி, எல்லாரும் போனதும் கதவைச் சாத்துற வேலையை அவன் கையில கொடுத்தோம். முதுகுக்குப் பின்னாடி யாரும் இல்ல, கைக்கு ஒரு வேலையும் இருக்கு. வரிசையில அடிக்கறது நின்னே போச்சு.

இந்த மூணு கட்ட நோட்டு ஒண்ணும் புதுசு இல்ல. சிட்னி பிஜூங்கற அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் 1968-லயே இதைப் பத்தி எழுதியிருக்காங்க, இன்னைக்கும் பிள்ளைங்க நடத்தையைப் பார்க்கறவங்க இதுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அப்படி எழுதிப் பார்த்தா காரணம் பொதுவா நாலு வகையில ஏதோ ஒண்ணுக்குள்ள வரும். ஏதோ ஒரு வேலையில இருந்தோ இடத்துல இருந்தோ தப்பிக்க, யாராவது தன்னைப் பார்க்கணும்னு, ஒரு பொருளோ விளையாட்டோ கிடைக்கணும்னு, இல்லைன்னா உடம்புக்கே அந்த அசைவோ சத்தமோ தேவைப்பட்டு. சில சமயம் ரெண்டு சேர்ந்தும் இருக்கும்.

இதுல "தப்பிக்க"ங்கறதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்கம்மா, ஏன்னா ஸ்கூல்ல அதிகமா சறுக்கறது இங்கதான். எழுதற வேலை அவனுக்குக் கஷ்டமா இருக்குன்னு வைங்க. பாக்ஸைத் தூக்கி எறியறான். டீச்சர் "வெளிய போய் நில்லு"ங்கறாங்க. இப்போ எழுத வேண்டியதில்ல. அவன் மனசுக்குள்ள என்ன கணக்கு பதிஞ்சிருக்கும்? எறிஞ்சா எழுத வேண்டாம். நாம தண்டனைன்னு நினைச்சுக் கொடுக்கறது அவனுக்குப் பரிசாப் போயிடுது, நாளைக்கு இன்னும் சீக்கிரமா எறிவான். சீக்கிரமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு போன் பண்றதும் இதே கதைதான். அதனால உங்க பையன் ஓடின ரெண்டு தடவையும் க்ளாஸ்ல அப்போ என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு கண்டிப்பா கேளுங்க. எழுத்தா, சத்தமா, டீச்சர் மாறுன நேரமா?

இப்போ மீட்டிங்குக்கு முன்னாடி. இன்னைக்கே ஒரு நோட்டு எடுத்து வீட்லயும் அந்த மூணு கட்டத்தைப் போட்டு எழுதுங்க, நீளமா வேண்டாம், ஒரு சம்பவத்துக்கு ரெண்டு வரி போதும். எந்த நேரத்துல நல்லா இருந்தான்னும் எழுதுங்க, அதை யாருமே எழுதறதில்ல, ஆனா வழி அதுலதான் இருக்கும். ஸ்கூலுக்கு ஒரு மெசேஜோ மெயிலோ அனுப்பி யார் யார் வர்றாங்க, எவ்வளவு நேரம், எதைப் பத்திப் பேசப் போறோம்னு கேளுங்க, அவங்க எழுதி வெச்சிருக்கற ரிப்போர்ட்டும் போன தடவை நீங்க கையெழுத்து போட்ட பேப்பரும் ஒரு காப்பி வேணும்னு முன்கூட்டியே கேளுங்க. இது சண்டை இல்லம்மா, உங்க பிள்ளை சம்பந்தப்பட்ட பேப்பர். வீட்ல நிதானமா படிச்சுட்டுப் போனா அங்க கேக்கும்போது நெஞ்சு அடிக்கறது குறையும்.

உங்க வீட்டுக்காரரைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. வாதாட வேண்டாம், எழுதறதுக்கு. நீங்க பேசுங்க, அவர் யார் என்ன சொன்னாங்கன்னு எழுதட்டும். வளர்ந்தா சரியாயிடும்னு சொல்றவங்க பல பேர் டீச்சர் வாயால நேரா கேட்டதே இல்லாதவங்க, மனைவி மூலமா கேட்டதுதான் இருக்கும். ஒரு தடவை அந்த ரூம்ல உக்காந்து எழுதினாருன்னா அவருக்கே விளங்கும். அவரால வர முடியலைன்னா உங்க அக்காவோ தங்கச்சியோ நம்பிக்கையான தோழியோ, யாராவது ஒருத்தர். தனியா போகாதீங்க.

மீட்டிங் ஆரம்பிச்சதும் "ரெண்டு நிமிஷம் நான் பேசிக்கறேன்"னு கேட்டு வாங்கிக்கோங்க. பையன் எதுல நல்லா இருக்கான், எது பிடிக்கும், எப்போ அமைதியாவான், வீட்ல எந்த வார்த்தை சொன்னா கேப்பான், இதைச் சொல்லுங்க. பாராட்டு வாங்கறதுக்காக சொல்லலம்மா, ப்ளான் போட வேணுங்கற சரக்கே அதுதான். அப்புறம் யாராவது "ரொம்ப அக்ரெஸிவ்"னு சொன்னா கோவப்படாம "கடைசியா எப்போ பார்த்தீங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றீங்களா"ன்னு கேளுங்க. புரியாத வார்த்தை வந்தா அங்கயே நிறுத்தி அர்த்தம் கேளுங்க. நான் ஸ்கூல் பக்கம் இருந்தப்ப அப்படிக் கேட்ட அம்மாக்களை யாரும் குறைவா நினைச்சதில்ல, நாங்கதான் நேரா உக்காந்து ஒழுங்கா பேசுவோம்.

முடிக்கற நேரம்தான் ரொம்ப முக்கியம். "பார்த்துக்கறோம், கவனிக்கறோம்"னு முடிச்சா அது ப்ளான் இல்ல. யார் செய்யப் போறாங்க, எந்த நேரத்துல, எப்படி, இப்போ ஒரு வாரத்துல எத்தனை தடவை நடக்குது, திரும்ப எந்தத் தேதில உக்காந்து பார்க்கப் போறோம், இதெல்லாம் பேப்பர்ல வரணும். உதாரணத்துக்கு, எழுத்து வேலை பாதியா கொடுப்பாங்க, ஒரு சின்ன அட்டை கையில இருக்கும், முடியலைன்னா எறியாம அதை டீச்சர் மேஜையில வெச்சா ரெண்டு நிமிஷம் ஓரமா உக்காந்துட்டு வரலாம், திரும்பி வந்து மீதியை முடிக்கணும். தப்பிக்கணும்னு தோணற பிள்ளைக்கு எறியறதை விட நல்ல வழி ஒண்ணு கையில கொடுக்கறோம், அவ்வளவுதான். நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள ஒரு ரிவ்யூ தேதி கேளுங்க. கையெழுத்தை அன்னைக்கே போடணும்னு அவசரப்படாதீங்க, "வீட்ல படிச்சுட்டு ரெண்டு நாள்ல தர்றேன்"னு சொல்லலாம். அன்னிக்கு ராத்திரியே "இன்னைக்கு நாம பேசி முடிவு பண்ணினது இது"ன்னு அஞ்சு வரி எழுதி அவங்களுக்கு அனுப்பிடுங்க, தப்பா இருந்தா திருத்துங்கன்னும் சேர்த்து. வாய்ப் பேச்சு காத்தோட போயிடும்.

இன்னொண்ணு. பையனை எல்லார் முன்னாடியும் நிறுத்தறது, மணிக்கணக்கா வெளிய உக்கார வைக்கறது மாதிரி ஏதாவது நடந்துச்சுன்னா வாயை மூடிட்டு இருக்காதீங்க. 1989-ல ஐநா கொண்டு வந்த குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 28-வது பிரிவுலயே இருக்கு, ஸ்கூல் கட்டுப்பாடுங்கறது குழந்தையோட மானத்துக்கு ஏத்த மாதிரிதான் இருக்கணும்னு. உலகத்துல ஏறக்குறைய எல்லா நாடும் ஒத்துக்கிட்ட ஒப்பந்தம் அது. குரலை உயர்த்தாம சொல்லுங்க, ஆனா சொல்லுங்க.

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு நாலு வயசு முடிஞ்சு மூணு மாசம். ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறா, கூப்பிட்டா திரும்பறதில்ல, கோவம் வந்தா கடிச்சிடறா. ஸ்கூல்ல "ஏடிஹெச்டியா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டி ரிப்போர்ட் கொண்டு வாங்க, அப்புறம் மீட்டிங் வெச்சுக்கலாம்"னு சொல்லிட்டாங்க. என் மனைவி ஒரு பேர் வெச்சுட்டா அது காலம் பூரா கூடவே வரும், மாத்திரை வேற கொடுத்துடுவாங்கன்னு பயப்படறாங்க. நான் ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டேன்.

பதில்: டாக்டர்கிட்ட காட்டுங்க சார், அதுல தயங்க வேண்டாம். ஏடிஹெச்டின்னா கவனம் ஒரு இடத்துல நிக்காம, அளவுக்கு மீறித் துறுதுறுன்னு இருக்கற நிலை. ஆனா பேர் என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி சில சாதாரண விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்க. "கூப்பிட்டா திரும்பறதில்ல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது காதுதான். இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு சளி பிடிச்சுப் பிடிச்சு செவிப்பறைக்குப் பின்னாடி நீர் தங்கிடறது ரொம்ப சகஜம், வலி கூட இருக்காது, ஒரு வாரம் கேக்கும் ஒரு வாரம் மந்தமா இருக்கும். பார்க்கறவங்களுக்கு வேணும்னே கேக்காத மாதிரிதான் தெரியும். அதே மாதிரி கண்ணு, பேச்சு, தூக்கம். சொல்ல வந்தது வாயில வரலைன்னா சின்னப் பிள்ளை கையால, பல்லால சொல்லும். மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10-ல இருந்து 13 மணி நேரம் தூங்கணும். குறட்டை விடறா, வாயைத் திறந்துக்கிட்டே தூங்கறான்னா அதையும் மறக்காம சொல்லுங்க, ராத்திரி சரியா தூங்காத பிள்ளை பகல்ல சோர்ந்து போறதில்ல, துறுதுறுன்னு நிக்காம ஓடும்.

க்ளாஸ்ல இவதான் வயசுல சின்னவளான்னும் பாருங்க. ஒரே வகுப்புல முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம் இருக்கலாம், நாலு வயசுல ஒரு வருஷம்னா கால்வாசி ஆயுசு. க்ளாஸ்ல சின்ன வயசுப் பிள்ளைங்களுக்கு ஏடிஹெச்டின்னு பேர் விழறது அதிகம்னு பல நாட்டு ஆய்வுகள்ல வந்திருக்கு.

ஏடிஹெச்டின்னு சொல்ல ஸ்கூல்ல மட்டும் இருந்தா போதாது, அறிகுறிகள் ஆறு மாசமாவது இருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். மாத்திரை பயத்துக்கு, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல நாலு அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு முதல்ல செய்ய வேண்டியது அப்பா அம்மாவுக்கு நடத்தைப் பயிற்சியும் க்ளாஸ்ல செய்யற மாற்றமும்தான்னு தெளிவா இருக்கு. இதை உங்க மனைவிகிட்ட சொல்லுங்க, கொஞ்சம் மூச்சு விடுவாங்க.

ரிப்போர்ட் வந்தாத்தான் மீட்டிங்னு சொன்னது மட்டும் எனக்கு ஒப்பல. கடிக்கறது இன்னைக்கு நடக்குது, இன்னைக்கே ஏதாவது பண்ணணும். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இப்போ க்ளாஸ்ல என்ன மாத்தலாம்னு பேச அரை மணி நேரம் கொடுங்க"ன்னு கேளுங்க. டீச்சர் பக்கத்துல உக்கார வைக்கறது, அடுத்து என்னன்னு படம் போட்டுக் காட்டறது, இதுக்கெல்லாம் எந்த சர்டிஃபிகேட்டும் தேவையில்ல. பேர் கூடவே வரும்ங்கற பயம் எனக்கும் புரியுது, ஆனா சரியான பேர் ஒண்ணு கிடைக்கலைன்னா ஊர் தானா ஒரு பேர் வெச்சுடும் சார், அடங்காதவன்னு. அது இன்னும் கெட்டியா ஒட்டும்.

கேள்வி: மீட்டிங் போட்டு, ஸ்டிக்கர் சார்ட் வெச்சு, கத்தினா கண்டுக்காம இருக்கணும்னு ப்ளான் போட்டாங்க. மூணு வாரம் ஆச்சு. என் பேரன் முன்னாடியை விட ஜாஸ்தி கத்தறான். ஆறு வயசு. இது நமக்கு சரிப்பட்டு வராதுன்னு விட்டுடலாமாம்மா?

பதில்: விடாதீங்கம்மா, ஆனா அப்படியே தொடரவும் வேண்டாம். இத்தனை நாள் கத்தினா ஆள் வரும்னு பழகின பிள்ளை, ஆள் வரலைன்னா முதல்ல இன்னும் சத்தமாத்தான் கத்தும். அணையப் போற விளக்கு குப்புனு எரியற மாதிரி. அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் மனசு இளகிப் போயிட்டா இவ்வளவு கத்தினா வருவாங்கன்னு புதுசா ஒண்ணு கத்துக்குவான். வீட்ல தாத்தா, ஸ்கூல்ல ஆயான்னு எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களான்னு பாருங்க.

அதே சமயம் அவன் கத்தறது மத்தவங்க தன்னைக் கவனிக்கணும்ங்கறதுக்காகத்தானான்னு யாராவது எழுதிப் பார்த்தாங்களா? பயத்துலயோ, சத்தம் தாங்காமலோ, வேலை புரியாமலோ கத்தற பிள்ளையைக் கண்டுக்காம விட்டா அது கொடுமை, பலனும் வராது. ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஒரு சின்ன மீட்டிங் கேளுங்க. ப்ளானுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், இப்போ எத்தனைன்னு நம்பர் கேளுங்க. ஜாஸ்தின்னு நமக்குத் தோணறது சில நேரம் தடவை குறைஞ்சு சத்தம் மட்டும் கூடினதா இருக்கும். ஸ்டிக்கர் எப்போ தர்றாங்கன்னும் கேளுங்க. நாள் பூரா நல்லா இருந்தா சாயங்காலம் ஒண்ணுன்னா ஆறு வயசுக்கு அது எட்டாத தூரம், காலையில பத்து மணிக்குக் கத்திட்டான்னா அதுக்கப்புறம் நல்லா இருக்கறதுக்கு அவனுக்கு என்ன காரணம் இருக்கு? ஒரு பீரியடுக்கு ஒண்ணு, அதுவும் நல்லது பண்ணின உடனே, என்ன பண்ணினதுக்குன்னு வாயால சொல்லிக் கொடுக்கணும்.

கேள்வி: இந்த மீட்டிங் நடக்கறது ஏழு வயசுப் பிள்ளைக்குத் தெரியலாமா? கூட கூட்டிட்டுப் போகலாமா? மனசு ஒடிஞ்சு போயிடுமோன்னு இருக்கு.

பதில்: முழு மீட்டிங்லயும் உக்கார வைக்க வேண்டாம், தன்னைப் பத்தின குறையைப் பெரியவங்க வரிசையா பேசறதை அந்த வயசுல கேக்கக் கூடாது. ஆனா மறைக்காதீங்க. கதவுக்குப் பின்னாடி பேசறாங்கன்னு அவங்களுக்கு எப்படியும் தெரிஞ்சிடும். "ஸ்கூல் உனக்கு சுலபமா இருக்க என்ன பண்ணலாம்னு டீச்சரும் நாங்களும் பேசப் போறோம், நீ என்ன சொல்லணும்?"னு கேளுங்க. அதே 1989 ஒப்பந்தத்துல 12-வது பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயத்துல கருத்து சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டுங்குது. வாயால சொல்ல வரலைன்னா க்ளாஸ் ரூமை வரையச் சொல்லி, பிடிச்ச இடத்துக்கு ஒரு கலர், பிடிக்காத இடத்துக்கு ஒரு கலர் அடிக்கச் சொல்லுங்க.

நான் அப்படி ஒரு பொண்ணுகிட்ட பேப்பர் கொடுத்தேன். கரும்பலகை, டீச்சர், பிரெண்ட்ஸ் எல்லாம் பச்சை. சுவத்துல மேல ஒரு சின்ன வட்டம் போட்டு அதை மட்டும் சிவப்பு கிரேயானால அழுத்தி அழுத்தி, பேப்பர் கிழியற வரைக்கும் அடிச்சா. என்னம்மா இதுன்னு கேட்டேன். "பெல்லு"ன்னா. அவ சீட்டுக்கு நேர் மேல பெல். ரெண்டு மாசமா பீரியட் முடியறப்ப மேஜைக்கு அடியில போய் உக்காந்துக்கறான்னு நாங்க எல்லாரும் எழுதி வெச்சிருந்தோம், மேல யாரும் நிமிர்ந்து பார்க்கல. மறுநாள் அவ இடத்தை ஜன்னல் பக்கம் மாத்தினோம். அந்தப் படத்தை நான் மீட்டிங் ஃபைல்ல முதல் பக்கமா வெச்சேன்.